ஒன்று நடுவில் நிற்கும் வரிசை

மர்வோதோவைப் பற்றிப் புதுப் பள்ளியின் திறப்புவிழா மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். பல வருஷம் ஒரே ஆசிரியர் அறையில், ஒரே மின்விசிறியின் கீழ் உட்கார்ந்தவள், தெருவும் ஒரே தெரு என்பதால் என்னைக் கேட்டார்கள். நல்ல வார்த்தையாக நாலு தேடிப் பார்த்தேன். பக்கம் நிரம்பவில்லை. மலரில் போட முடியாததை இங்கே எழுதுகிறேன்.

மர்வோதோ எங்கள் பள்ளியின் கணினி ஆசிரியர். நான் கணக்கு. கணினி அறைக்குள் பன்னிரண்டு பெட்டிகள் இருந்தன. அவற்றில் எது இன்று கண்விழிக்கும் என்பது அதிர்ஷ்டம். மழை பிடித்தால் மின்சாரமும் போய்விடும். அதனால் மர்வோதோ கணினியைத் தொடாமலே கணினியைச் சொல்லித்தரும் சாமான்களைச் செய்து ஓர் அலமாரி நிறைய வைத்திருந்தார். தெர்மகோலில் வெட்டிய கணினி, சிவப்பு நூலும் நீல நூலும் கட்டியது. பிஸ்கட் டின்னில் எட்டு பல்பு பதித்து, எரிந்தால் ஒன்று, அணைந்தால் சைபர் என்று காட்டும் பெட்டி. எல்லாம் பார்க்க அழகு. எல்லாவற்றுக்கும் பிளாஸ்டிக் உறை.

ஒரு பிள்ளை ஆசையாக விரலை நீட்டினால் போதும். "தொடாதே, போட்டி முடியட்டும்" என்பார். போட்டி முடிந்து பெட்டி திரும்பி வரும். "தொடாதே, அடுத்த வருஷமும் போட்டி இருக்கு" என்பார். பிள்ளைகள் கரும்பலகையில் இருந்ததைப் பார்த்து எழுதிக்கொண்டு எட்டாம் வகுப்பைத் தாண்டினார்கள்.

போட்டி என்றால், வருஷா வருஷம் மாவட்டக் கல்வி அலுவலகம் ஆசிரியர்களுக்கு நடத்தும் பாடக்கருவிப் போட்டி. எங்கள் பக்கத்தில் முதல், இரண்டாம், மூன்றாம் பரிசுக்கு அப்புறமும் நிற்கிறவர்களை வெறுங்கையோடு அனுப்புவதில்லை. 'நம்பிக்கை வெற்றியாளர்' என்று கோப்பை கொடுப்பார்கள். அதிலும் ஒன்று, இரண்டு, மூன்று உண்டு. மர்வோதோ நிரந்தர நம்பிக்கை மூன்று. அவர் வீட்டு டிவிக்கு மேலே ஆறாவது இடத்துக்கான கோப்பைகள் அணிவகுத்து நிற்கும்.

இவருக்கு ஒரே ஆசை. மலைச்சரிவில் புதுப் பள்ளி ஒன்று கட்டிக்கொண்டிருந்தார்கள். அதன் தலைமையாசிரியர் நாற்காலி மீது இவருக்கு ஒரு கண். ஒரு கண் என்ன, இரண்டு கண்ணும்தான். நாற்காலி யாருக்கு என்று முடிவு செய்கிறவர் கல்வி அலுவலகத் தலைவர் சுபாக்யோ. எங்கள் வாயில் அவர் 'பாக் காடிஸ்', அதாவது தலைவர் ஐயா; ஆண்களுக்கு பாக், பெண்களுக்கு இபு என்பது எங்கள் மரியாதைப் பேச்சு. முதல் பரிசு வாங்கினால் பாக் காடிஸ் கண்ணில் படலாம். கண்ணில் பட்டால் நாற்காலி. மர்வோதோவின் கணக்கு அவ்வளவுதான்.

அந்த வருஷம் அவர் உண்மையிலேயே ஒரு நல்ல பொருளைச் செய்தார். இதைச் சொல்லாவிட்டால் நான் மனுஷி இல்லை.

தேர்தல் முடிந்து மரத்தில் கட்டிவிட்டுப் போன வேட்பாளர் பேனர் ஒன்றைக் கழற்றி வந்தார். வேட்பாளர் முகத்தைத் தரையோடு தரையாகக் கவிழ்த்துப் போட்டு, வெள்ளையான பின்பக்கத்தில் கோடு வரைந்தார். ஒரு முனையில் ஆறு கட்டம், மறுமுனையில் ஆறு கட்டம், நடுவே வலைப்பின்னலாகக் கோடுகளும் வட்டங்களும். ஆறு பிள்ளைகள் ஆளுக்கொரு எண் அட்டையோடு ஒரு முனையில் நிற்க வேண்டும். கோட்டைப் பிடித்து நடந்தால் ஒவ்வொரு வட்டத்திலும் இரண்டு பேர் சந்திப்பார்கள். சின்ன எண் இடப்பக்கக் கோட்டில் போக வேண்டும், பெரிய எண் வலப்பக்கக் கோட்டில். வேறு எதையும் யோசிக்க வேண்டாம். எப்படிக் கலைந்து நின்றாலும் மறுமுனைக்கு வரும்போது ஒன்று முதல் ஆறு வரை வரிசையாக நிற்பார்கள். கணினிக்குள் எண்கள் வரிசைப்படுவது இப்படித்தான். முதல் தடவை பார்த்தபோது எனக்கே வாய் பிளந்தது.

அதைச் சரிபார்த்தது அவர் மகள் லாரஸ். அப்போது எட்டாம் வகுப்பு. என்னையும் கூப்பிட்டிருந்ததால் போயிருந்தேன். கூடத்தில் பேனரை விரித்து, ஆறு அட்டைகளையும் அவளே வட்டம் வட்டமாக நகர்த்திக்கொண்டு தவழ்ந்தாள்.

"அப்பா, உன் கோடு தப்பு."

"எங்கம்மா தப்பு? நல்லா யோசிச்சுத்தான் போட்டிருக்கேன்."

"யோசிச்ச லட்சணம் இங்க தெரியுது பாரு. மூணும் நாலும் மாறி வந்து நிக்குது. இந்த ரெண்டு கோட்டுக்கும் நடுவுல ஒரு வட்டம் வேணும். இல்லாட்டி இவங்க ரெண்டு பேரும் வழியில சந்திக்கவே மாட்டாங்க."

மர்வோதோ குனிந்து பார்த்தார். தலையைச் சொறிந்தார். பிறகு என் பக்கம் திரும்பி வாய்விட்டுச் சிரித்தார். "இவ என்னை விடமாட்டா, இபு ரெத்னோ. வக்கீலுக்குப் படிக்க வைக்கலாமான்னு பாக்குறேன்." சொல்லிக்கொண்டே மண்டியிட்டு வட்டத்தைப் போட்டார். அந்த மனுஷன் தப்பைத் திருத்திக்கொண்டு சந்தோஷப்பட்டதை நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான். அந்தப் பெண்ணுக்கோ உலகத்தில் சண்டை போடத் தகுந்த ஒரே ஆள் அவள் அப்பாதான்.

போட்டி நாள் வந்தது. நடுவர்களோடு பாக் காடிஸே வந்துவிட்டார். எங்கள் தலைமையாசிரியை இபு வுர்யானிக்குக் கை கால் ஓடவில்லை. சிற்றுண்டிப் பெட்டியில் இருந்த, வாழையிலையில் பொதிந்த சோற்றுப் பலகாரமான லெம்பர் சரியில்லை என்று கடைசி நிமிஷத்தில் வேறு கடைக்கு ஆள் அனுப்பினார். முற்றத்தில் பேனர் விரித்தாயிற்று. லாரஸ் உட்பட ஆறு பிள்ளைகள் நடந்து காட்டினார்கள். ஒன்று முதல் ஆறு வரை கணக்காக வந்து நின்றார்கள். நடுவர்கள் கை தட்டினார்கள். அங்கேயே முடித்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

பாக் காடிஸ் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, "நாங்களும் நடந்து பாக்கலாமா?" என்றார்.

கேட்டது பெரிய மனுஷன். ஆறு பிள்ளைகளும் விலகினார்கள். ஆறு பெரியவர்கள் வந்து நின்றார்கள். பாக் காடிஸ், அவருடைய செயலர், பிரிவு அதிகாரி, இரண்டு நடுவர்கள், எங்கள் இபு வுர்யானி. மர்வோதோ தட்டில் அட்டைகளை ஏந்திக்கொண்டு போனார். முதல் மனிதருக்கு முதல் எண் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. ஒன்றாம் எண் அட்டையை பாக் காடிஸிடம் நீட்டினார். மகளோடு சேர்ந்து அந்தப் பின்னலை இத்தனை தடவை நடந்து பார்த்தவர், ஒன்று என்கிற எண் கடைசியில் எங்கே போய் நிற்கும் என்று அந்த நேரத்தில் யோசிக்கவில்லை. கும்பிடு போடுகிற அவசரத்தில் மூளை வேலை செய்யாது.

நடக்க ஆரம்பித்ததுமே சிக்கல். வட்டத்தில் சந்தித்த இரண்டு பேரும் அட்டையைப் பார்ப்பதாக இல்லை, முகத்தைப் பார்த்தார்கள்.

"நீங்க முதல்ல போங்க, பாக்."

"ஐயோ, நீங்க போங்க இபு. உங்க பள்ளிக்கூடம்."

"அது எப்படி, நீங்க போங்க."

இபு வுர்யானி கையில் ஆறு. செயலர் கையில் நாலு. இடம் எது வலம் எது என்பது அட்டையில் இருக்கிறது. ஆனால் இருவரும் குனிந்து ஒருவருக்கொருவர் வழிவிட்டுக்கொண்டு அந்த வட்டத்தைக் குத்தகைக்கு எடுத்தவர்கள்போல நின்றார்கள். பக்கத்தில் நின்ற லாரஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். மர்வோதோ ஒவ்வொருவர் காதிலும் பணிவாகச் சொல்லிச் சொல்லி, ஒருவழியாக எல்லாரையும் கரை சேர்த்தார்.

பாக் காடிஸ் விதிப்படி நடந்தவர். அதில் குறை சொல்ல மாட்டேன். ஒன்றை வைத்திருந்ததால் ஒவ்வொரு வட்டத்திலும் இடப்பக்கமே போய், கடைசியில் இடது ஓரத்தில் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றார். வரிசை சரி. ஆனால் இந்தத் தடவை ஒருவரும் கை தட்டவில்லை. எங்கள் ஊரில் படத்தில் பெரியவர் நடுவில் நிற்பார். கல்யாணமானாலும் கருமாதியானாலும் அப்படித்தான். மாவட்டமே கையெழுத்துக்குக் காத்திருக்கும் மனுஷன் தொட்டியோரம் நிற்கிறார்.

அலுவலகப் படக்காரர்தான் வாயைத் திறந்தார். "பாக், படத்துக்கு... கொஞ்சம் நடுவுல வந்துடுறீங்களா?"

அவ்வளவுதான். எல்லாரும் உயிர் வந்தவர்கள்போல அசைந்தார்கள். பாக் காடிஸ் நடுவுக்கு வந்தார். பதவிக்கு ஏற்ப மற்றவர்கள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒட்டிக்கொண்டார்கள். அட்டைகள் அவரவர் நெஞ்சில். ஐந்து, மூன்று, ஒன்று, இரண்டு, நான்கு, ஆறு. எல்லாரும் கட்டை விரலை உயர்த்திப் பல்லைக் காட்டினார்கள். படம் ஆயிற்று.

மர்வோதோவுக்கு முதல் பரிசு.

படம் பத்திரிகையில் வந்தது, அலுவலக வாசலில் ஆளுயரத்துக்குத் தொங்கியது. அதோடு போயிருந்தால் சிரித்துவிட்டு விட்டிருப்பேன். அலுவலகம் அந்தக் கருவியை மாவட்டத்துப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் அச்சடித்து அனுப்பத் தீர்மானித்தது. அச்சகத்துக்காரன் பாவம், அவனுக்குக் கொடுத்தது அந்தப் படம் ஒன்றுதான். அதைப் பார்த்துக் கடைசிக் கட்டங்களில் ஐந்து, மூன்று, ஒன்று, இரண்டு, நான்கு, ஆறு என்று போட்டு மாதிரியை மர்வோதோவுக்கு அனுப்பினான். மர்வோதோ அதை ஆசிரியர் அறை மேசையில் விரித்தபோது நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

"பாக் மர்வோதோ, இது தப்பு."

"தெரியும், இபு."

"தெரியும்னா ஃபோன் போட்டுச் சொல்லுங்க. அச்சுக்குப் போகலையே இன்னும்."

"பாக் காடிஸ் பாத்து, ரொம்ப நல்லா இருக்குன்னு கையெழுத்துப் போட்டுட்டார்."

"அவர் கையெழுத்துப் போட்டா மூணு ஒண்ணுக்கு முன்னாடி வந்துடுமா?"

"நான் என்னன்னு சொல்றது? பாக், நீங்க ஓரத்துல நிக்கணும்னு சொல்லவா? வரிசைப்படி நீங்கதான் கடைசி மூலைன்னு சொல்லவா? எனக்கு சுங்கான், இபு."

இந்த சுங்கான் என்கிற வார்த்தையை வைத்து எங்கள் ஊரில் எதையும் செய்யலாம், எதையும் செய்யாமலும் இருக்கலாம். பெரியவர் மனம் நோகக் கூடாது என்கிற கூச்சம் அது. நல்ல குணம்தான். மர்வோதோவிடம் அது நாற்காலிக்குப் போர்த்திய பட்டுத்துணி.

பேனர்கள் வந்திறங்கின. இந்தத் தடவை பளபளப்பான துணி, பின்பக்கத்தில் வேட்பாளர் இல்லை. முன்பக்கத்திலேயே பாக் காடிஸ் இருந்தார். அதை எப்படிச் சொல்லித்தருவது என்று மாவட்டத்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி வைத்தார்கள். பயிற்சி தருபவர் மர்வோதோ. கணக்கு ஆசிரியர்களையும் கூப்பிட்டதால் நானும் போய் உட்கார்ந்தேன். நடந்து பார்த்த இளம் ஆசிரியர் ஒருவர் எழுந்தார்.

"பாக், கோட்டுப்படி வந்தா ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு வருது. கட்டத்துல வேற மாதிரி போட்டிருக்கே?"

மர்வோதோ பேனரை ஒரு தடவை பார்த்தார். பிறகு சிரித்தார். "நல்ல கேள்வி. கோடு முடிஞ்சதும் இன்னொரு படி இருக்கு. அதுக்குப் பேரு மரியாதைப் படி. முக்கியமானவர நடுவுல வெச்சு மத்தவங்க சுத்தி நிக்கணும். கணினியோட நம்ம உள்ளூர் ஞானத்தையும் சேர்த்துச் சொல்லித்தர்றோம்."

உள்ளூர் ஞானம் என்று சொல்லிவிட்டால் எங்கள் பாடத்திட்டத்தில் எதற்கும் மறுபேச்சு கிடையாது. அரங்கமே தலையாட்டியது. சிலர் எழுதிக்கொண்டார்கள். நான் வெளியே வந்து அலுவலகத்துப் பிரிவு அதிகாரியிடம் சண்டை போட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கணக்குக்காரங்களுக்கு எல்லாத்தையும் நேர்கோட்டுலயே பாக்குற பழக்கம், இபு" என்று சொல்லி எனக்கு ஒரு லெம்பர் கொடுத்தார்.

அந்தப் பருவத்தின் மாவட்டப் பொதுத்தேர்வில் இது கேள்வியாக வந்தது. அதில் முதலாக வருகிற பிள்ளையை மாகாணத் தலைநகர் ஸெமாராங்கில் நடக்கும் கணினிப் போட்டிக்கு அனுப்புவார்கள். லாரஸ் அதற்காக வருஷம் முழுக்கப் படித்துக்கொண்டிருந்தாள். கலைந்த ஆறு எண்கள் கொடுத்து, வரிசைப்படுத்தினால் எப்படி வரும் என்று கேள்வி. விடைக்குறிப்பு அலுவலகத்திலிருந்து வந்தது. அதன்படி சரியான விடை, ஒன்று நடுவில் நிற்பது. எங்கள் பள்ளிப் பிள்ளைகள் பேனரைப் பார்த்து மனப்பாடம் செய்ததால் அதையே எழுதியிருந்தார்கள். லாரஸ் ஒன்று முதல் ஆறு வரை எழுதியிருந்தாள்.

திருத்துகிறவர் மர்வோதோ. சிவப்புப் பேனாவோடு அவர் அந்தத் தாளின் மேல் குனிந்திருந்தது எனக்குத் தெரிந்தது. நாற்காலிக்கான பெயரை அந்த வாரம்தான் பாக் காடிஸ் முடிவு செய்கிறார் என்பதும் எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். கேள்வி தப்பு என்று ஒரு வரி எழுதி அனுப்பினால் போதும். கேள்வியோடு பேனரும் படமும் பரிசும் எல்லாம் கிளறப்படும்.

"போடாதீங்க, பாக்" என்றேன். "உங்க கையாலயே போடாதீங்க. வேற யாரையாவது திருத்தச் சொல்லுங்க."

"என் பொண்ணுன்னு சலுகை காட்டினேன்னு பேசுவாங்க."

"சரியான விடைக்குச் சரின்னு போடுறது சலுகையா?"

அவர் பேனாவைத் திறந்து பெருக்கல் குறி போட்டார். சின்னதாகப் போட்டார். சின்னதாகப் போட்டால் வலிக்காது என்று நினைத்தாரோ என்னவோ. எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் பேனாவைப் பிடுங்கி ஜன்னலுக்கு வெளியே எறிந்திருக்க வேண்டும்.

லாரஸ் ஒரு மதிப்பெண்ணில் இரண்டாவதாக வந்தாள். ஸெமாராங்குக்கு வேறு பள்ளிப் பையன் போனான்.

தாளைத் திருப்பிக் கொடுத்த மறுநாள் அவள் ஆசிரியர் அறைக்கு வந்தாள். வாசலில் நின்று அனுமதி கேட்டு, அப்பாவின் மேசைக்கு முன்னால் வந்து தாளை வைத்தாள். அழவில்லை. சண்டைக்குத்தான் வந்திருந்தாள், முகத்தில் அந்தப் பழைய சூடு இருந்தது.

"பாக், ஏழாவது கேள்வி. நாம வீட்டுல எத்தனை தடவை நகர்த்திப் பாத்தோம்? ஒரு தடவையாவது இப்படி வந்துதா?"

"விடைக்குறிப்புல இருக்குறபடி போட்டிருக்கேன், லாரஸ்."

"விடைக்குறிப்பு தப்புன்னு உனக்குத் தெரியும்."

"இங்க 'உனக்கு'ன்னு பேசக் கூடாது."

"உங்களுக்குத் தெரியும். தெரியும்னு மட்டும் சொல்லுங்க, நான் போயிடுறேன். மதிப்பெண் வேணாம்."

அறையில் நாங்கள் ஏழெட்டுப் பேர் இருந்தோம். இபு வுர்யானியும் வாசல் பக்கம் வந்துவிட்டார். மர்வோதோ எங்களை ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்துச் சொன்னார்: "அலுவலகம் சொல்றதுதான் சரி. நீ எழுதினது தப்பு. வகுப்புக்குப் போ."

அவள் தாளை எடுத்து இரண்டாக மடித்தாள். "சரிங்க, பாக்" என்று தலை குனிந்து சொல்லிவிட்டுப் போனாள். மரியாதையாகத்தான் சொன்னாள்.

நாற்காலி கிடைத்தது. சுழல் நாற்காலி, சாய்ந்தால் கிறீச்சென்று சத்தம் போடும். மலைச்சரிவுப் பள்ளியின் முற்றத்தில் அந்தப் பேனர் சிமெண்டிலேயே வர்ணம் அடித்து நிரந்தரமாக்கப்பட்டது. லாரஸ் எங்கள் பள்ளியிலேயே ஒன்பதாவது படித்தாள். எல்லாத் தேர்விலும் விடைக்குறிப்பில் என்ன இருக்குமோ அதையே எழுதினாள். எல்லாவற்றிலும் முதலாவதாக வந்தாள்.

இந்த லெபரானுக்கு மர்வோதோ என் வீட்டுக்கு வந்தார். பெருநாளில் வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்பது வழக்கம். வந்தவரை வாசலிலேயே நிறுத்த எனக்கு மனம் இல்லை. அன்னாசி பிஸ்கட் டப்பாவைத் திறந்து நீட்டினேன். எடுக்கவில்லை.

"லாரஸ் நல்லா இருக்காளா?"

"நல்லா இருக்கா. காலைல என் முழங்கால்ல நெத்திய வெச்சு மன்னிப்புக் கேட்டா. ஒரு வார்த்தை விடாமச் சொன்னா."

அவள் கேட்டாளாம் மன்னிப்பு. நான் டீயை ஆற்றிக்கொண்டே வாயை அடக்கினேன்.

அவரே தொடர்ந்தார். "போன வாரம் புதுசா ஒண்ணு செஞ்சேன், இபு. எட்டு பேர் நிக்கிற மாதிரி, பெரிய பின்னல். கூடத்துல விரிச்சு அவளைக் கூப்பிட்டேன். வேணும்னே ஒரு வட்டத்த விட்டுட்டேன். யார் பாத்தாலும் தெரியும், அவ்வளவு பெரிய ஓட்டை. சண்டை போடுவா, 'யோசிச்ச லட்சணம்'பா, நானும் குனிஞ்சு போடுவேன்னு..."

"என்ன சொன்னா?"

"சுத்தி வந்து நல்லா பாத்தா. அந்த இடத்துக்கிட்ட ஒரு நிமிஷம் நின்னா. அப்புறம் சிரிச்சுக்கிட்டே, 'ரொம்ப நல்லா இருக்குப்பா'ன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டா."

தலைமையாசிரியர் சட்டையில் பொத்தான் ஒன்றைத் திருகிக்கொண்டே இருந்தார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்: "அவளுக்குத் தெரியாம இருந்திருக்குமா, இபு?"

"தெரியும், பாக்" என்றேன். "அந்த அச்சு மாதிரிய மேசைல விரிச்சப்ப உங்களுக்கு எவ்வளவு தெரிஞ்சுதோ, அவ்வளவு தெரியும்."